பெட்டிக்குள் பெட்டி: இணையத்தில் வாங்கிய பழைய கேமை நிஜமான பழைய கம்ப்யூட்டரில் ஓட்டுவது

போன கோடை விடுமுறைக்கு அக்கா மகன் சேலத்திலிருந்து பெங்களூர் அல்சூரில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தான். வந்த நாள் முதல் என் மேசைமேல் இருந்த 486 என்ற பழைய கம்ப்யூட்டரைத்தான் சுற்றிச் சுற்றி வந்தான். சிவாஜி நகரில் ஜாப் டைப்பிங் கடை வைத்திருந்த ஒரு பெரியவர், கடையை மூடும்போது குஜரிக்குப் போட மனசு வராமல் என்னிடம் கொடுத்த மெஷின் அது. காயலான் கடையை இந்த ஊரில் குஜரி என்றுதான் சொல்வோம். 66 மெகாஹெர்ட்ஸ் வேகம், 8 எம்பி ராம், இயங்குதளம் கட்டளைகளைத் தட்டச்சு செய்து ஓட்டும் டாஸ் 6.22. ஒரு காலத்தில் அந்தத் தெருவின் கல்யாணப் பத்திரிகைகள் பலவற்றை அதில்தான் அடித்தார்.

“மாமா, இந்த கேம் நாம காசு குடுத்து வாங்கினதுதானே? இந்த மாதிரி கம்ப்யூட்டருக்குத்தானே அதைச் செஞ்சாங்க? அப்ப இதுல போட்டா ஓடணும்ல?”

கேட்டதோடு நிற்கவில்லை. ஜிஓஜி தளத்திலிருந்து இறக்கிய இன்ஸ்டாலரை அவனே ஒரு மெமரி கார்டில் போட்டு எடுத்து வந்தான். டாஸில் பார்த்தால் அந்த நீளமான பெயர் ‘செட்டப்_~1’ என்று சுருங்கிக் கிடந்தது. தட்டச்சு செய்து என்டரை அழுத்தினான். இது விண்டோஸில்தான் ஓடும் என்று ஒரே ஒரு வரி வந்தது. அவன் முகம் வாடிவிட்டது.

அவன் கேட்டது முழுக்க நியாயமான கேள்வி. பதிலும் எளிமையானதுதான். நாம் வாங்கியது கேம் மட்டும் அல்ல, அந்த கேமை இன்றைய கம்ப்யூட்டரில் ஓட வைப்பதற்காகக் கட்டிய ஒரு பெரிய பொட்டலம். பலாப்பழம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளியே முள் தோல், அதற்குள் பிசின், அதற்கும் உள்ளே சுளை. பழைய மெஷினுக்குத் தேவை சுளை மட்டும்தான். அதை எப்படிப் பிரித்து எடுப்பது என்று தெரிந்துவிட்டால் வேலையில் பாதி முடிந்த மாதிரி.

ஜிஓஜி என்பது போலந்து நாட்டின் சிடி ப்ராஜெக்ட் நிறுவனம் 2008-இல் தொடங்கிய இணையக் கடை. பழைய கேம்களைத் தேடிப்பிடித்து, உரிமை வாங்கி, இன்றைய விண்டோஸில் ஓடும்படி செய்து விற்பதுதான் அதன் ஆரம்பகால வேலை. நம் காரியத்துக்கு முக்கியமான விஷயம், அங்கே வாங்கும் கேமில் டிஆர்எம் என்ற பூட்டு கிடையாது. இன்ஸ்டாலரை இறக்கி வைத்துக்கொண்டால் போதும். அப்புறம் இணையமும் வேண்டாம், கணக்கில் நுழையவும் வேண்டாம். ஸ்டீம் போன்ற கடைகளில் வாங்கிய டாஸ் கேம்களிலும் பல நேரம் உள்ளே இருப்பது இதே சுளைதான். ஆனால் அங்கே இறக்கி நிறுவுவதற்கு அவர்களுடைய மென்பொருள் தேவைப்படும். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் ஜிஓஜியைத்தான் சொல்வேன்.

பொட்டலத்தின் முதல் தோல் இன்ஸ்டாலர். அது இன்றைய விண்டோஸுக்காக எழுதியது, டாஸுக்கு அதைப் படிக்கத் தெரியாது. ‘விண்டோஸில்தான் ஓடும்’ என்று திரையில் வந்ததே ஒரு வரி, அதைச் சொன்னது யார் தெரியுமா? டாஸ் அல்ல, அந்த இன்ஸ்டாலரேதான். ஒவ்வொரு விண்டோஸ் இஎக்ஸ்இ ஃபைலின் தலையிலும் குட்டியாக ஒரு டாஸ் நிரல் உட்கார்ந்திருக்கும். யாராவது தெரியாமல் டாஸில் ஓட்டினால் இந்தச் செய்தியைக் காட்டிவிட்டு வெளியேறுவது மட்டுமே அதன் வேலை. ஃபைலின் முதல் இரண்டு எழுத்துகள் எம், இசட். டாஸின் இஎக்ஸ்இ வடிவத்தை அமைத்த மைக்ரோசாஃப்ட் பொறியாளர் மார்க் ஸ்பிகோவ்ஸ்கியின் முதலெழுத்துகள் அவை. இன்று நீங்கள் ஓட்டும் விண்டோஸ் இஎக்ஸ்இ ஃபைல்களிலும் அந்த இரண்டு எழுத்து இருக்கிறது. எனக்கு இதை நினைத்தாலே சந்தோஷமாக இருக்கும்.

இரண்டாவது தோல் டாஸ்பாக்ஸ். 2002 முதல் கிடைக்கும் இலவச மென்பொருள் இது. இன்றைய கம்ப்யூட்டருக்குள் ஒரு பழைய கம்ப்யூட்டரை மென்பொருளாலேயே உருவாக்கிக் காட்டும். அதற்குள் பொய்யாக ஒரு ப்ராசஸர், பொய்யாக ஒரு சவுண்ட் பிளாஸ்டர் கார்டு, பொய்யாகத் திரைக்குப் படம் அனுப்பும் ஒரு விஜிஏ கார்டு எல்லாம் இருக்கும். கேம் தன் பழைய வீட்டிலேயே இருப்பதாக நினைத்துக்கொண்டு ஓடும். நம்மிடம் அந்தப் பழைய வீடே இருக்கிறது. அதனால் டாஸ்பாக்ஸ் தேவையே இல்லை. 486-இல் அதை ஓட்டவும் முடியாது, ஒரு கம்ப்யூட்டரைப் போல் நடிக்க அதைவிடப் பல மடங்கு வேகமான கம்ப்யூட்டர் வேண்டும்.

சரி, உரிக்கலாம். இன்ஸ்டாலரை உங்கள் இன்றைய கம்ப்யூட்டரில் வழக்கம்போல் ஓட்டி நிறுவுங்கள். லினக்ஸ் வைத்திருப்பவர்கள் இன்னோஎக்ஸ்ட்ராக்ட் என்ற இலவசக் கருவியைப் பயன்படுத்தினால், நிறுவாமலேயே உள்ளிருப்பதை வெளியே கொட்டிவிடும். அப்புறம் கேம் இருக்கும் ஃபோல்டரைத் திறந்து பாருங்கள். டாஸ்பாக்ஸ் என்ற பெயரில் ஒரு உள் ஃபோல்டர் இருக்கும். ‘கான்ஃப்’ என்று முடியும் இரண்டு மூன்று ஃபைல்கள் இருக்கும். கையேட்டின் பிடிஎஃப், ஐகான், நிறுவியதை நீக்கும் நிரல் ஆகியவை இருக்கும். இவற்றையெல்லாம் ஒதுக்கிவிட்டால் மிச்சம் இருப்பவைதான் நிஜமான கேம். எட்டெழுத்துக்கு மேல் போகாத, பெரும்பாலும் ஆங்கிலப் பெரிய எழுத்தில் இருக்கும் பெயர்களைப் பார்த்தாலே அடையாளம் தெரிந்துவிடும்.

கையேட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அந்தக் காலத்தில் திருட்டு நகலைத் தடுக்க, கையேட்டின் இத்தனையாவது பக்கத்தில் இந்த வரியில் இருக்கும் வார்த்தை எது என்று சில கேம்கள் நடுவில் கேட்கும். பதில் அந்த பிடிஎஃப்-இல்தான் இருக்கும்.

அந்த ‘கான்ஃப்’ ஃபைலையும் அழிக்காதீர்கள். புதியவர்கள் பலர் அதைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. என்னைக் கேட்டால் பொட்டலத்தில் கேமுக்கு அடுத்தபடி மதிப்புள்ளது அதுதான். நோட்பேடில் திறந்து கடைசிக்குப் போனால் ‘ஆட்டோஎக்ஸெக்’ என்ற பகுதி வரும். எந்த ஃபோல்டரை சி டிரைவாகக் காட்ட வேண்டும், சிடி வேண்டுமா, கடைசியில் எந்த நிரலை ஓட்ட வேண்டும் என்று நாலைந்து வரியில் எழுதியிருக்கும். நாம் டாஸில் செய்ய வேண்டியதற்கான சமையல் குறிப்பே அதுதான். சற்று மேலே ‘சைக்கிள்ஸ்’ என்று ஒரு எண் இருக்கலாம். 3000 போலச் சின்ன எண்ணாக இருந்தால், இந்த கேம் மெதுவான மெஷினைத்தான் விரும்பும் என்று அர்த்தம். பெரிய எண்ணாகவோ ‘மேக்ஸ்’ என்றோ இருந்தால் வேகத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

பழகிப் பார்க்க ஒன்று வேண்டுமென்றால் டைரியன் 2000 என்ற விண்கலச் சண்டை கேமை எடுத்துக்கொள்ளுங்கள். ஜிஓஜியில் காசு வாங்காமலே தருகிறார்கள். அளவிலும் சின்னது, சிடியும் தேவையில்லை.

அடுத்து மெஷின். அதில் கை வைப்பதற்கு முன் ஒரு எச்சரிக்கை. 486 காலத்து மதர்போர்டு பலவற்றில் விரல் தடிமனில் நீல நிறப் பீப்பாய் வடிவ நிக்கல்-காட்மியம் பேட்டரி ஒன்றைப் பற்றவைத்திருப்பார்கள். வருஷக்கணக்கில் கிடந்தால் அது கசிந்து போர்டின் செப்புக் கோடுகளை அரித்துவிடும். பெரியவரின் மெஷினைத் திறந்தபோது அந்த மூலை முழுக்கப் பச்சை பூத்திருந்தது. நல்லவேளை, கோடு எதுவும் அறுபடவில்லை. பேட்டரியை வெட்டி எடுத்துவிட்டு, சமையலறை வினிகரைப் பஞ்சில் தொட்டுத் துடைத்தேன். கசிவு காரத்தன்மை உடையது, அதை வினிகர் முறிக்கும். பிறகு ஐசோப்ரொபைல் ஆல்கஹாலால் கழுவி, இரண்டு நாள் காய விட்டேன். பழைய மெஷின் கைக்குக் கிடைத்தால் கரண்ட் கொடுப்பதற்கு முன் மூடியைத் திறந்து இதைப் பார்த்துவிடுங்கள்.

ஃபைல்களை எப்படி அங்கே கொண்டு போவது? ஃபிளாப்பியில் 1.44 எம்பிதான் கொள்ளும், 15 எம்பி கேமுக்கே பத்துப் பன்னிரண்டு தட்டு வேண்டும். இன்று கிடைக்கும் பழைய தட்டுகளில் ஒன்றாவது நடுவில் கைவிரிக்கும். நெட்வொர்க் கார்டு போட்டு எம்டிசிபி என்ற இலவசத் தொகுப்பு வழியாக எஃப்டிபி முறையில் ஃபைல்களை அனுப்பலாம், ஆனால் அது கொஞ்சம் பழகிய பிறகு செய்ய வேண்டியது. புதியவர்களுக்கு நல்ல வழி காம்பேக்ட் ஃபிளாஷ் கார்டு, அதாவது பழைய பெரிய கேமராக்களில் போடும் தடித்த கார்டு. ஐடிஇ என்ற பழைய வகை ஹார்டு டிஸ்க் பேசும் அதே பாஷையை இந்தக் கார்டும் பேசும். அதனால் நடுவில் சாதாரண அடாப்டர் ஒன்றைச் செருகினால், கம்ப்யூட்டர் அதை ஹார்டு டிஸ்க் என்றே எடுத்துக்கொள்ளும்.

அடாப்டர் எனக்கு எஸ்.பி. ரோட்டில் கிடைத்தது. சந்துக்குள் இருந்த ஒரு சின்னக் கடை. “இதையெல்லாம் இப்ப யாரு சார் கேக்கறாங்க, உள்ள தேடித்தான் பாக்கணும்” என்று சொல்லிவிட்டு உள்ளே போனவர் கால் மணி நேரம் கழித்துத் தூசியோடு எடுத்து வந்தார். கார்டு, மர்ஃபி டவுனில் கல்யாண ஃபோட்டோ எடுக்கும் நண்பர் ஒருவருடைய பழைய பையில் இருந்தது. நாற்பது பின் கேபிளைச் செருகும்போது சிவப்புக் கோடு போட்ட ஓரம் முதல் பின் பக்கம் வர வேண்டும், மாற்றிச் செருகினால் மெஷின் கார்டைக் கண்டுகொள்ளாது.

கார்டின் அளவில் கவனம் வேண்டும். மெஷின் கிளம்பும்போது முதலில் ஓடும் அடிப்படை நிரல்தான் பயாஸ். பழைய பயாஸ் பலவற்றுக்கு 504 எம்பிக்கு மேல் டிஸ்க்கைப் பார்க்கத் தெரியாது. சிலிண்டர் 1024, ஹெட் 16, செக்டர் 63, ஒரு செக்டருக்கு 512 பைட் என்ற கணக்கோடு அவற்றின் உலகம் முடிந்துவிடுகிறது. 512 எம்பி என்று விற்கும் கார்டின் நிஜ அளவு இந்த வரம்புக்குள் அடங்கிவிடுவதால் 486-க்கு அது கச்சிதம். பயாஸ் பெரியதைப் பார்த்தாலும், டாஸ் 6.22-இல் ஒரு பார்ட்டிஷன் 2 ஜிபியைத் தாண்ட முடியாது. இன்னொன்று, டிஸ்க்கைப் பிரிக்கும் எஃப்டிஸ்க், ஃபார்மட் இரண்டையும் பழைய மெஷினிலேயே செய்யுங்கள். கார்டின் சிலிண்டர்-ஹெட் கணக்கை இன்றைய கார்டு ரீடர் ஒரு மாதிரியும் பழைய பயாஸ் வேறு மாதிரியும் போடக்கூடும், அப்போது கார்டிலிருந்து பூட் ஆகாது. அந்த நேரத்தில் பழைய ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிடுவது நல்லது. தப்பான டிரைவை ஃபார்மட் செய்யும் வாய்ப்பே இருக்காது. பெரியவரின் டிஸ்க்கை நான் பத்திரமாக ஒரு டப்பாவில் வைத்திருக்கிறேன். அத்தனை பத்திரிகைகளும் அதில் அப்படியே இருக்கின்றன.

கார்டு தயாரானதும் அதை இன்றைய கம்ப்யூட்டரில் செருகி, கேம் ஃபைல்களைக் காப்பி செய்யலாம். ஃபோல்டர் பெயர் எட்டெழுத்துக்குள், இடைவெளி இல்லாமல் இருக்கட்டும்.

அக்கா மகனும் நானும் இத்தனையும் செய்து முடித்தபோது இரவு மணி பத்து. கேமின் பெயரைத் தட்டினோம், ஓடியது! தலைப்புத் திரை வந்தது, இசையும் வந்தது. அவன் முதல் எதிரியைச் சுட்டான். வெடிச் சத்தத்துக்குப் பதிலாக, கால் நொடி அளவுக்கு ஒரு கரகரப்பு, அதே துண்டு திரும்பத் திரும்ப, கீறல் விழுந்த ரெக்கார்டு மாதிரி.

புதிதாகச் செய்கிறவர்கள் அநேகமாக எல்லோரும் தடுக்கி விழும் இடம் இது. அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். சவுண்ட் பிளாஸ்டர் கார்டுக்குள் இரண்டு தனித்தனி ஆட்கள் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் யமஹாவின் எஃப்எம் சிப். இசைக்கருவி மாதிரி, கேம் சொல்லும் ஸ்வரத்தை வாசித்துக்கொண்டே போவார், வேறு எதற்கும் காத்திருக்க மாட்டார். இன்னொருவர் வெடிச் சத்தம், பேச்சு போன்ற பதிவு செய்த ஒலிகளை வாசிப்பவர். அவர் ஒரு துண்டை வாசித்து முடித்ததும் “முடிஞ்சது, அடுத்ததைக் குடு” என்று ப்ராசஸருக்கு மணி அடிக்க வேண்டும். அந்த மணிக்குப் பெயர்தான் ஐஆர்க்யூ. மெஷினில் பதினாறு மணிகள் உண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். நம் கார்டு அடிப்பது 5-ஆம் மணி. கேம் காதைக் கொடுத்துக் காத்திருந்ததோ 7-ஆம் மணிக்கு. மணி சத்தம் கேட்காததால் அடுத்த துண்டு வரவே இல்லை, பழைய துண்டே சுற்றிக்கொண்டிருந்தது. இசைக்காரருக்கு மணியே தேவையில்லை, அதனால் இசை மட்டும் நன்றாக வந்தது.

ஏன் 7? டாஸ்பாக்ஸ் தன் பொய் கார்டுக்கு வைத்துக்கொள்ளும் எண் அது. அந்தப் பொட்டலத்தைக் கட்டியவர்கள் கேமை அந்த எண்ணுக்கே அமைத்து வைத்திருந்தார்கள். நிஜ மெஷினில் 7 வழக்கமாகப் பிரின்டர் போர்ட்டுக்குப் போய்விடும். ஜாப் டைப்பிங் கடை மெஷினில் கேட்கவே வேண்டாம்.

சரிசெய்வது சுலபம். பழைய மெஷினின் சி டிரைவில் இருக்கும் ஆட்டோஎக்ஸெக்.பேட் ஃபைலில் ‘செட் பிளாஸ்டர்’ என்று தொடங்கும் வரியைப் பாருங்கள். ‘ஏ220 ஐ5 டி1’ என்பது போல இருக்கும். கார்டின் முகவரி 220, மணி 5, டிஎம்ஏ தடம், அதாவது ஒலித் தகவல் நினைவகத்திலிருந்து கார்டுக்கு நேராகப் போகும் வழி, 1 என்று அர்த்தம். இந்த எண்களைக் குறித்துக்கொண்டு, கேம் ஃபோல்டரில் இருக்கும் செட்டப் அல்லது செட்சவுண்ட் நிரலை ஓட்டி, அதே எண்களைக் கொடுத்துச் சேமியுங்கள். அவன் 7-ஐ 5 ஆக்கினான். அடுத்த வெடிக்கு ஸ்பீக்கர் அதிர்ந்தது, உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்த என் அம்மா எழுந்து வந்துவிட்டார்கள்.

நினைவகம் அடுத்த சிக்கல். 8 எம்பி இருந்தாலும், டாஸ் நிரல்கள் முதலில் கேட்பது அடியில் இருக்கும் 640 கேபியைத்தான். மவுஸ், சிடி, சவுண்ட் டிரைவர்கள் எல்லாம் அங்கேதான் வந்து உட்காரும். மிச்சம் எவ்வளவு என்று ‘மெம்’ கட்டளை காட்டும். மெஷின் கிளம்பும்போது டாஸ் படிக்கும் கான்ஃபிக்.சிஸ் ஃபைலில், நினைவகத்தைக் கையாளும் ஹைமெம், ஈஎம்எம்386 என்ற டிரைவர்கள் இரண்டையும் போட்டு, டாஸை மேலே ஏற்றினால் நிறைய இடம் காலியாகும். டாஸ் 6-உடன் வரும் மெம்மேக்கர் இதைத் தானாகவே செய்து தரும். ஆனால் ஒரே அமைப்பு எல்லா கேமுக்கும் ஒத்து வராது. 1992-இல் வந்த அல்டிமா 7, ஈஎம்எம்386 இருந்தால் ஓடவே மறுக்கும், அதற்குச் சொந்தமாக ஒரு நினைவக ஏற்பாடு உண்டு. கான்ஃபிக்.சிஸ்-இலேயே பூட் மெனு எழுதி, இரண்டு அமைப்புகள் வைத்துக்கொள்வதுதான் நல்லது.

வேகம் அதிகமாக இருப்பதும் ஒரு பிரச்சினைதான். 80-களின் கேம்கள் சில, ப்ராசஸரின் வேகத்தையே கடிகாரமாக வைத்து எழுதப்பட்டவை, 486-இல் போட்டால் கண் இமைப்பதற்குள் ஆட்டம் முடிந்துவிடும். பெட்டியின் முகப்பில் இருக்கும் டர்போ பட்டன் இதற்காகத்தான், அதை அழுத்தி வேகத்தைக் குறைக்கலாம். பட்டன் இல்லையென்றால் பயாஸில் இன்டர்னல் கேஷை, அதாவது ப்ராசஸருக்குள் இருக்கும் வேகமான குட்டி நினைவகத்தை, அணைத்துப் பாருங்கள், மெஷின் நன்றாகவே தளர்ந்துவிடும். பென்டியம் 2 மாதிரி வேகமான மெஷினில் ‘ரன்டைம் எரர் 200’ என்று வந்தால் பயப்பட வேண்டாம். போர்லண்ட் பாஸ்கலில் எழுதிய நிரல்கள் தொடக்கத்தில் மெஷினின் வேகத்தை அளக்கும்போது எண் எல்லை மீறுவதால் வருவது அது. அதற்குத் தனியே சின்ன பேட்ச் இருக்கிறது.

ஸ்கம்விஎம் என்ற மென்பொருளை வைத்துக் கட்டிய கேம்களை வாங்குவதற்கு முன் யோசியுங்கள். அது டாஸ்பாக்ஸ் மாதிரி கம்ப்யூட்டரை நடிப்பதில்லை. கேமின் இயந்திரத்தையே புதிதாக எழுதிக்கொண்டு, படம், ஒலி, கதை இருக்கும் ஃபைல்களை மட்டும் பழையதிலிருந்து எடுத்துக்கொள்ளும். அதனால் சில பொட்டலங்களில் பழைய டாஸ் இஎக்ஸ்இ இருக்கவே இருக்காது.

விண்டோஸ் 98 காலத்து கேம்கள் தனி உலகம். அவற்றில் இஎக்ஸ்இ ஃபைலையே இன்றைய விண்டோஸுக்காக மாற்றியிருக்கலாம், அப்போது வழி கஷ்டம். நன்றாக ஓட வாய்ப்புள்ளவற்றிலும் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். முப்பரிமாணப் படங்களை வரையும் 3டிஎஃப்எக்ஸ் வூடூ கார்டு வைத்திருந்தால், கேம் ஃபோல்டருக்குள் இருக்கும் கிளைடு என்ற டிஎல்எல் ஃபைலை நீக்குங்கள். அது வூடூ இல்லாதவர்களுக்காக வைத்த போலி, நிஜ கார்டை மறைத்துவிடும். விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரியில் இன்ஸ்டாலர் எழுதியதையும் கொண்டுபோக வேண்டும். ஏற்றுமதி செய்யும்போது ‘வின்9எக்ஸ்’ வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள், புதிய வடிவத்தை 98 படிக்காது. பாதையில் ‘வாவ்6432நோட்’ என்று வந்தால் அந்தத் துண்டை அழித்துவிடுங்கள், அது 64 பிட் விண்டோஸின் ஏற்பாடு.

இதெல்லாம் சட்டப்படி சரியா என்று அக்கா கேட்டாள். முறையாக வாங்கியவர், எந்தப் பயன்பாட்டுக்காக வாங்கினாரோ அதற்காக நகலெடுத்துக்கொள்வதை நம் 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு அனுமதிக்கிறது. அதே கார்டை நண்பர்களுக்குக் காப்பி போட்டுக் கொடுப்பது வேறு, அது கூடாது.

இவ்வளவு பாடு எதற்கு, டாஸ்பாக்ஸிலேயே ஆடலாமே என்று கேட்பவர்களை நான் ஒரே ஒரு தடவை இந்த மெஷின் முன்னால் உட்கார வைப்பேன். அந்த கேம்களின் 320-க்கு 200 திரை, நொடிக்கு 70 முறை புதுப்பிக்கும் விஜிஏ மானிட்டருக்காக வரையப்பட்டது. 60 முறை புதுப்பிக்கும் இன்றைய திரையில் பின்னணி நகரும்போது லேசாகத் தடுக்கும். பழைய குழாய் மானிட்டரில் அது எண்ணெய் வழிவதுபோல் ஓடும். அக்கா மகன் அதைச் சொல்லாமலே கண்டுபிடித்தான். “மாமா, இதுல நட்சத்திரமெல்லாம் வழுக்கிக்கிட்டுப் போகுது” என்றான்.

சிடியில் வந்த கேம்களைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். ஃபோல்டரில் ‘ஜிஓஜி’ என்று முடியும் பெரிய ஃபைலும், அதே பெயரில் ‘ஐஎன்எஸ்’ என்று முடியும் குட்டி ஃபைலும் இருந்தால், அவை சிடியின் முழு நகல். பெரியதை ‘பின்’ என்றும் குட்டியை ‘க்யூ’ என்றும் பெயர் மாற்றி, க்யூவை நோட்பேடில் திறந்து அதற்குள் எழுதியிருக்கும் பெயரையும் அப்படியே மாற்றினால், சிடி எழுதும் மென்பொருள் ஏற்றுக்கொள்ளும். இசைத் தடங்கள் ‘ஓஜிஜி’ ஆக இருந்தால் முதலில் ‘வேவ்’ ஆக்க வேண்டும். ஒரு முறை மட்டும் எழுதக்கூடிய சிடி-ஆர் தட்டில், குறைந்த வேகத்தில் எழுதுங்கள். திரும்பத் திரும்ப எழுதும் வகைத் தட்டை அந்தக் காலத்து டிரைவ்கள் பல படிக்காது. எனக்கு இன்னும் ஒழுங்காகப் படிக்கும் டிரைவ் கிடைக்கவில்லை. எஸ்.பி. ரோட்டுக் கடைக்காரரிடம் சொல்லி வைத்திருக்கிறேன், தசரா லீவுக்கு அவன் வருவதற்குள் தேடித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.